தைக்காமல் விட வேண்டிய உடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் துணியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய சங்கதிகள் இதில் நிறைய இருக்கின்றன. அதனால் எழுத்தில் அனுப்புகிறேன்.

சித்திரைத் திருவாதிரையை ஒட்டி, உங்கள் கார் சீட் பிளாண்ட் பிள்ளைகள் சேர்ந்து போடும் ராமானுஜர் நாடகத்துக்கு உடை முழுக்க உன் பொறுப்பு என்றாய். அந்தக் காலத்தில் எப்படி உடுத்தினார்களோ அப்படியே மேடையில் வர வேண்டும் என்றாய். உன் ஆசையைக் கேட்டு மனம் நிறைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவரின் கதையை, அதே ஊருக்குப் பிழைக்க வந்த பிள்ளைகள் நடிக்கிறீர்கள். அக்கறையோடு செய்ய வேண்டிய காரியம்தான். நீ அனுப்பிய சாமான் பட்டியலில் வெல்வெட், ஜரிகை லேஸ், எலாஸ்டிக், வெல்க்ரோ நான்கையும் முதலில் அடித்துவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

உன் நாடகத்தின் நடுக்கதையே ஓர் உடை மாற்றம்தான். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை உனக்குத் தெரியும். சோழ மன்னனின் ஆட்கள் ராமானுஜரைத் தேடித் திருவரங்கத்துக்கு வருகிறார்கள். கூரத்தாழ்வான் தன் ஆசானின் காவியை உடுத்தி, திரிதண்டத்தைக் கையில் ஏந்தி, அவராகவே அரசவைக்குப் போகிறார். ராமானுஜரின் ஆசாரியரான பெரிய நம்பியும் உடன் போகிறார். ராமானுஜரோ ஆழ்வானின் வெள்ளையை உடுத்திக்கொண்டு மேற்கே மேல்கோட்டைப் பக்கம் நடக்கிறார். அரசவைக்குப் போனதற்கு ஆழ்வான் தன் கண்களைக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் இன்றும் உற்சவத்தில் எம்பெருமானாரான ராமானுஜருக்கு வெள்ளைச் சாத்துப்படி செய்கிறார்களே, அது இந்த நாளின் நினைவுதான். உன் அறைக்குப் பக்கத்திலேயே கோயில் இருக்கிறது. ஒருமுறை நின்று பார்.

இதில் தையல்காரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருவரும் உடை மாற்றிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அந்த உடை தைக்காத உடை என்பதுதான். அதற்கு அளவு இல்லை. ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம், ஒருவர் மெலிவு, ஒருவர் பருமன் என்றாலும் ஒரே நீளத் துணி இருவரையும் ஏற்றுக்கொள்ளும். துறவி என்றும் இல்லறத்தார் என்றும் பிரித்துக் காட்டியது நிறமும் தண்டமும் மட்டும். கடையில் விற்கும் ரெடிமேட் பஞ்சகச்சத்தை, இடுப்பளவு பார்த்து வெல்க்ரோ ஒட்டி, நீ இரண்டு நடிகர்களுக்கும் கொடுத்துவிட்டால் அந்தக் காட்சி நடக்கவே முடியாது. திரைக்குப் பின்னால் போய் இரண்டாவது செட் போட்டுக்கொண்டு வருவார்கள். பார்ப்பவர்களுக்கு நிறம் மாறியது தெரியும். ஒருவர் உடம்பின் சூடு ஆறாத துணியை இன்னொருவர் வாங்கி உடுத்தியது தெரியாது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே டைரக்டரிடம் சொல்லி அந்த மாற்றத்தை மேடையிலேயே வைக்கச் சொல். உள்ளே நாலு முழத் துண்டு ஒன்று கட்டிக்கொண்டு, நான்கு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னே செய்தாலும் போதும். ஆனால் கைமாறுவது அதே துணியாக இருக்கட்டும்.

தையல் தெரியாத சமூகம் அது என்று நினைத்துவிடாதே. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவில் துன்னகாரரும் இருக்கிறார்கள், தோல் தைப்பவரும் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டின் பாசறையில் யவனர்கள் சட்டை போட்டு நிற்கிறார்கள். தைக்கத் தெரிந்தும் அன்றாட உடையைத் தைக்காமல் உடுத்தியிருக்கிறார்கள். நம் வெயிலுக்கு அதுதான் பொருந்தும். தையல் வேண்டிய இடம் உனக்கு வேறு இருக்கிறது: பல்லக்குத் திரை, குடை, சுவடிப் பை, காவலர்களின் தோல் வார். உன் ஜூகி மெஷின் கைவரிசையை அங்கே காட்டு. வெளியே தெரியும் தையலை மட்டும் கையால் போடு. தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியதே 1846-இல்தான். மெஷின் தையலின் ஒரே சீரான இடைவெளி முன் வரிசையில் உட்கார்ந்தவருக்குக் கண்ணில் படும்.

வேட்டிக்கு ஓரம் அடிக்காதே. தறியிலேயே கரை இருக்கிறது. அறுத்த தலைப்பில் நூலைத் தொங்கவிட்டு முடிச்சுப் போடு. அது முடியாவிட்டால் விரலால் உருட்டி ஓட்டுத் தையல் போடு. ஊக்கு வேண்டாம், அது 1849-இல் வந்தது. அரைஞாண் கயிறும் இடைக்கச்சுமே தாங்கும். தாங்காது என்று பையன்கள் பயப்படுவார்கள். கட்டிப் பழகாததால் வரும் பயம் அது. ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே பேன்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியில் நடக்கச் சொல். உட்காரவும், விழுந்து சேவிக்கவும், ஓடவும் பழகட்டும். ஆழ்வானுக்கும் ராமானுஜருக்கும் ஒன்பது ஐந்து வாங்கு, ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ மேல்துண்டும். பெரிய உடம்புக்காரராக இருந்தால் இருவருக்குமே பத்து ஆறு. ஒருவருக்கு அது, ஒருவருக்கு இது என்று வாங்கிவிடாதே.

வெள்ளை என்றதும் கடை வெள்ளைக்குப் போய்விடாதே. இப்போதைய மில் வேட்டியில் நீலம் பாய்ச்சும் பளபளப்பு மருந்து ஏற்றியிருக்கிறார்கள்; மேடை விளக்கில் அது நீலம் பூத்து எரியும். உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, வெயிலில் காய்ந்த வெள்ளை வேறு. அதில் கொஞ்சம் பழுப்பு இருக்கும். கைத்தறிக் கோரா வாங்கி, கஞ்சி போக வேகவைத்து, சில முறை துவைத்து வெயிலில் போடு. சொட்டு நீலம் கிட்டவே வரக்கூடாது. அதிக அகலமான துணியும் வாங்காதே. விசை நாடா வருவதற்கு முன்னால், ஒரு நெசவாளி இந்தக் கையால் எறிந்த நாடாவை அந்தக் கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலத்தை அவருடைய கையின் எட்டு அளந்து கொடுத்தது.

காவிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேர்க்கடையில் தொங்கும் ஆரஞ்சு பாலியஸ்டர் சால்வையை வாங்கிவிடாதே. லண்டனில் பெர்கின் என்ற பையன் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856-இல். பாலியஸ்டர் அதற்கும் பின்னால், 1941-இல். ராமானுஜர் உடுத்தியது மண்ணின் நிறம். கோலத்துக்கு ஓரம் கட்டுகிறோமே, அதே காவிக்கல். பாக்கெட் பொடியில் சாயம் கலந்திருக்கலாம். கல்லாக வாங்கி அரைத்துக் கரை. துணியில் வடிகட்டி, வேகவைத்த கோராவை அதில் நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்து. காவி நூலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும் சாயம் இல்லை. நூலின் மேல் உட்காரும், துவைத்தால் போகும், மறுபடி நனைக்க வேண்டும். அதனால் திட்டுத் திட்டாக, மடிப்பில் வெளுத்து, ஓரத்தில் கறுத்து இருக்கும். திட்டாக வந்துவிட்டதே என்று திரும்பச் சாயம் போடாதே. அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: வைணவத் துறவி குடுமியும் பூணூலும் விடுவதில்லை. ராமானுஜருக்கு மொட்டை விக் வாங்க யாராவது கிளம்பினால் நிறுத்து.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உன்னை நாலு பேர் கேட்பார்கள். சான்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஜேனட் ஆர்னால்ட் என்ற அம்மையார் அருங்காட்சியகங்களில் மிஞ்சிய பழைய உடுப்புகளை அளந்து, வெட்டு வரைபடம் போட்டுப் புத்தகமாக்கினார். முதல் தொகுதி 1964-இல் வந்தது. லண்டன் குளோப் நாடக அரங்கில் ஜென்னி டிராமனி அந்த வழியில் ஷேக்ஸ்பியர் காலத்து உடுப்புகளைக் கையாலேயே தைக்க வைத்தார். அவர்களுக்குப் பழைய உடுப்பு கையில் கிடைத்தது. நமக்கு ஈரமும் கரையானும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குஜராத்தில் அச்சடித்த பருத்தித் துண்டுகள்கூட எகிப்தின் வறண்ட மண்ணில் புதைந்து கிடந்ததால்தான் பிழைத்தன.

ஆனால் நமக்குக் கல்லும் சுவரும் இருக்கின்றன. ராமானுஜர் பிறந்தது 1017. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால், 1010-இல், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக் கண்டது. அதன் உள்சுற்றுச் சுவரில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை அங்கே இருக்கிறது. கிழவராக வந்த சிவன், சபையில் கூடிய அந்தணர், ஆடும் பெண்கள் எல்லோரும் உண்டு. உன் கதைக்கு ஏறத்தாழ நூறாண்டுத் தூரம். அங்கே எல்லோரும் நினைத்தபோது போய்விட முடியாது. நல்ல படப் புத்தகங்கள் இருக்கின்றன, நூலகத்தில் கேள். மறுபக்கம் தாராசுரம், இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அங்கே அறுபத்துமூவர் கதை சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. வண்ணார், குயவர், வேடர், அடியார் என்று சாதாரண மனிதர்கள் உடுத்தி நிற்பதை அங்கே பார்க்கலாம். அந்தக் கதைகளைப் பெரிய புராணமாகப் பாடிய சேக்கிழார் உன் ஊருக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். உன் நாடகக் காலம் தஞ்சைக்கும் தாராசுரத்துக்கும் நடுவில் விழுகிறது. இரண்டிலும் இருப்பதை நம்பி எடுத்துக்கொள். ஒன்றில் மட்டும் இருப்பதை யோசித்து எடு.

சிற்பத்தைப் பார்க்கவும் ஒரு பழக்கம் வேண்டும். சிற்பி துணியின் கனத்தைச் செதுக்குவதில்லை. விளிம்பையும் மடிப்பையும் கோடாக இழுத்து விடுகிறார். அதனால் எல்லோரும் கண்ணாடித் துணி கட்டியதுபோல் தோன்றும். அதைப் பார்த்து மெல்லிய ஜார்ஜெட் வாங்கிவிடாதே. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்தால், துணி எந்தப் பக்கம் சுற்றிப் போய் எங்கே செருகியது என்று பிடிபடும். அதன் பிறகு எட்டு முழம் துணியை எடுத்து உன் அறைத்தோழியின் இடுப்பில் அதே வழியில் சுற்றிப் பார்.

பட்டியலில் வெல்வெட்டை அடிக்கச் சொன்னேனே, மன்னனுக்கு வெல்வெட் கோட்டு வேண்டாம் என்பதற்காகத்தான். நம் கண்ணுக்குள் இருக்கும் ராஜா பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு ராஜா. பார்சி நாடகக் கம்பெனிகளும், ரவிவர்மா அச்சுப்படங்களும், நாட்காட்டிகளும் அவரை அங்கே உட்கார வைத்தன. சோழ ஓவியத்தில் பெரியவர்களும் வெற்று மார்போடு, இடுப்பில் நல்ல துணியும் உடம்பில் நகையுமாக நிற்கிறார்கள். இந்தக் கதையின் மன்னன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதனால் அவருக்குப் பெயர் எழுதிய உடையோ, வில்லன் கறுப்போ போடாதே. அவரும் அந்தக் காலத்து மனிதராக உடுத்தி நிற்கட்டும். பார்ப்பவர் முடிவு செய்துகொள்வார்.

அதற்காக நம் பக்கத்துக் கூத்தைப் பார்த்து, இது தவறான உடை என்று சொல்லிவிடாதே. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்தில் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் எந்த நூற்றாண்டையும் காட்ட வந்தவை அல்ல. துரியோதனன் வருகிறான் என்று எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்குத் தெரிவிக்க வந்தவை. அது ஒரு கலை, நீ எடுத்திருப்பது வேறு கலை. இரண்டையும் கலக்காதே என்பது மட்டும்தான் என் பேச்சு.

பெண் வேடங்களில் உனக்குச் சங்கடம் வரும். சுவரில் உள்ளபடி உடுத்த இன்று எந்தப் பிள்ளையையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. கச்சும் மேலாடையும் சுற்றிக் கட்டு. உள்ளே அதே துணியில், கரையில்லாத சாதாரண ரவிக்கை ஒன்றைத் தைத்துக் கொடு. துல்லியத்துக்காக ஒரு பெண்ணை மேடையில் கூசி நிற்க வைத்தால் அந்த உடை யாருக்கும் பயனில்லை. தொடங்கும் முன் மைக்கில் சொல்லிவிடுங்கள்: ரவிக்கை மட்டும் நம் காலத்தது, மற்றவை தேடிப் பார்த்துச் செய்தவை என்று.

கடைசியாக, வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கலாமா என்று கேட்டாய். இப்போது விடாதே. அந்த ஷிப்டில் நீ கற்றதை மலிவாக எண்ணாதே. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் சீட்டில், விபத்து நேரும்போது பிரிய வேண்டிய இடத்தில் மட்டும் பிரியும்படி தையல் போடுகிறீர்கள். எந்த நூல், எத்தனை தையல் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு வைக்கிறீர்கள். பொன்னியின் செல்வன் படத்துக்கு ஏகா லகானி உடை அமைத்தபோது அவர் பின்னால் எத்தனை கைகள் தைத்திருக்கும், யோசித்துப் பார். அந்தக் கைகளில் தேடவும் தெரிந்த கை அரிது. சீட்டுக்கு எழுதும் அதே ஒழுங்கில் இந்த நாடகத்துக்கும் ஒரு நோட்டு போடு. எந்த உடை, எந்தச் சிற்பத்தைப் பார்த்து, என்ன துணி, எங்கே வாங்கியது, எதை ஊகித்தாய், எதை விட்டுக்கொடுத்தாய் என்று எழுது. இரண்டு மூன்று நாடகம் அப்படிச் செய்தபின், அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு யார் வாசலிலும் போய் நிற்கலாம். அப்போது வேலையைப் பற்றிப் பேசுவோம். ஒன்று மட்டும் இப்போதே: துணிச் செலவை உன் ஓவர்டைம் காசில் போடாதே, குழுவிடம் வாங்கு.

வார ஓய்வன்று காலையில் வாலாஜாபாத் வந்துவிடு. சேர்ந்து காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். நந்திவர்ம பல்லவன் கட்டியது. சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு, பன்னிரண்டு வயதில் அவனுக்கே முடிசூட்டியதுவரை. உன் நாடகத்துக்கு அது மூன்று நூற்றாண்டு முந்தியது. அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம். மடிப்பைப் படிக்கப் பழகத்தான் போகிறோம். அப்படியே கூரத்துக்கும் போய் ஆழ்வானைச் சேவித்துவிட்டு வரலாம். பென்சிலும் நோட்டும் எடுத்து வா. எட்டு முழம் பழைய வேட்டி ஒன்றும் வேண்டும், என்னிடம் இருப்பதெல்லாம் கிழிசல்.

அன்புடன்,
அத்தை