நாலரை மணிக்குத் தெரு நிறையும்

கேள்வி: நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவேன். பெரும்பாலும் திண்டிவனத்தில் அம்மா வீடு, நடுவில் கொஞ்ச நாள் விழுப்புரத்தில் மாமியார் வீடு. கணவருக்கு இரண்டு வாரம்தான் லீவு. போன வருடம் அவர் இருந்தவரை பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். அவர் கிளம்பியதும் எந்நேரமும் செல்போன்தான். தமிழ் புரியும், பேசக் கூச்சப்படுகிறார்கள். “எப்பம்மா ஊருக்குப் போவோம்?” என்று ஷார்ஜாவைச் சொல்லி மகள் கேட்டபோது என் அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. இந்த முறை கராத்தே, அபாகஸ் என்று எதிலாவது சேர்த்துவிடட்டுமா?

— வாசகி, ஷார்ஜா

பதில் (குழந்தைகள் மனநல ஆலோசகர்): சேர்க்க வேண்டாம். குறை பிள்ளைகளிடம் இல்லை, நீங்கள் வரும் மாதத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூன் தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் நினைவில் இருக்கும் லீவு நுங்கும் மாமா பிள்ளைகளும் நிறைந்த மே மாதம். உங்கள் பிள்ளைகள் வந்து இறங்கும் ஜூலையிலோ, காலை எட்டரைக்கெல்லாம் தெரு வெறிச்சோடிவிடும். பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் அவர்கள் செல்போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்?

அதனால் நாளின் மையத்தை மாலை நாலரைக்கு மாற்றுங்கள். ஷார்ஜா பள்ளி கொடுத்தனுப்பிய வீட்டுப்பாடம் காலையில். செல்போன் மதிய வெயில் நேரத்தில். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் செல்போன் உள்ளே போகட்டும், வாசல் கதவு திறக்கட்டும். முதல் மூன்று நான்கு நாள் நீங்களும் வாசலில் உட்கார்ந்திருங்கள். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சண்டை போடத் தமிழ் தேவைப்படும். அந்தத் தமிழ் தானாக வரும். நீங்கள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வராது.

ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். “தமிழே வரலையா உனக்கு?” என்று உறவினர்கள் சிரிப்பது ஒரே ஒரு முறை நடந்தாலும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடமும் மாமியாரிடமும் போனில் இதைச் சொல்லிவிடுங்கள். மகள் கேட்ட கேள்விக்காகவும் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் வளரும் ஊர் அது; அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். கணவரின் இரண்டு வாரத்தை இந்த முறை தொடக்கத்தில் வைக்காமல், அலுப்புத் தட்டும் நான்காவது வாரத்தில் வையுங்கள்.

இரண்டு வீட்டுக்கும் இடையே கார் வேண்டாம், பாசஞ்சர் ரயிலில் போங்கள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஒவ்வொரு பலகையிலும் பெரிய தமிழ் எழுத்து இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க இதைவிட நல்ல வாசகப் புத்தகம் எனக்குத் தெரியவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், காட்பாடி என ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. மகனுக்கு ரயில் பிடிக்குமென்றால் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார விடுங்கள்.

வாரத்துக்கு ஒரு வெளியூர் போதும். அதுவும் உறவுக்காரப் பிள்ளைகள் கூட வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி ஏறுவதானால் வெயில் ஏறும் முன்பே தொடங்குங்கள். ஏழு வயதுக்காரிக்குக் கீழே கல்யாண மகாலும் களஞ்சியமும் போதும்.

இன்னொன்று, உறவில் யாருக்காவது மானாவாரி நிலம் இருந்தால் ஆகஸ்டில் ஒரு காலை மல்லாட்டைக் கொல்லைக்குக் கூட்டிப்போங்கள். மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகிறது. கடையில் பாக்கெட்டில் மட்டுமே வேர்க்கடலையைப் பார்த்த பிள்ளைகள் அதை நம்பவே மாட்டார்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களின் பெயரில் வரும் ‘டி.எம்.வி.’ ஆயா ஊரின் பெயர்ச் சுருக்கம்தான் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஆளுக்கொரு வேலை இருக்கட்டும். காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். கறிவேப்பிலை வாங்கப் போய்க் கொத்தமல்லியோடு வந்தால் ஆயா அன்றைக்குக் கொத்தமல்லித் துவையல் அரைக்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, தெருப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆயா கையால் சோறு போடச் சொல்லுங்கள். அவர்கள் பெயரையெல்லாம் மகள் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஜூலையில் வந்து இறங்கியதும் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று பார்க்க அந்தத் தாள் வேண்டியிருக்கும்.