பழைய மோட்டாரும் கிராமப் பட்டறையும்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1937-இல் கோயம்புத்தூரில் நம் நாட்டு மின்சார மோட்டார் உருவாயிற்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கிணறு, அரைவை நிலையம், சமையலறை என எங்கும் மோட்டார் புகுந்துவிட்டது. ஆகவே, பழுதுபட்டு மூலையில் கிடக்கும் மோட்டார் இல்லாத ஊர் இன்று அரிது.

இத்தகைய மோட்டாரைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்குகிறார். உள்ளே இருக்கும் செம்புக்கும் வெளியே இருக்கும் இரும்புக்குமே அங்கு மதிப்பு. ஆனால் ஒரு பேரிங்கோ கண்டென்சரோ மட்டும் கெட்டுப்போன மோட்டார், சிறு செலவில் மீண்டும் உழைக்கக் கூடியது. அதைக் கொண்டு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் சாணை பிடிக்கும் யந்திரம் ஒன்றை ஊரிலேயே அமைத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குச் செல்லும் அலைச்சல் அதனால் மிச்சமாகும். எனினும், மலிவாகக் கிடைத்த மோட்டார் பிறகு ஒருவரின் கண்ணையோ விரலையோ விலையாகக் கேட்கலாகாது. பழைய பொருளை அளந்து அறிந்த பின்னரே வேலைக்கு இட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்துவது.

எது உதவும், எது உதவாது?

பழைய சாய்வு கிரைண்டரில் இருந்த அரைக் குதிரைத்திறன் மோட்டாரும், பெல்ட்டினால் பம்பை ஓட்டிய ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் நம் வேலைக்கு ஏற்றவை. இவற்றின் அச்சு வெளியே நீண்டிருக்கும். கப்பி மாட்ட வசதி உண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாணைக்கல்லைச் சுழற்ற அரைக் குதிரைத்திறனே போதுமானது.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் இதற்கு ஆகாது. சுற்றிலும் உள்ள நீரால் குளிரும்படி அமைக்கப்பட்ட அதனை வெளியில் ஓட்டினால் விரைவில் சூடேறிக் கருகிவிடும். மிக்ஸி மோட்டாரும் ஆகாது. அதன் காரணத்தைப் பின்னர் விளக்குவோம்.

சோதிக்கும் முறை

முதலில் மின்தொடர்பு இல்லாத நிலையில் அச்சைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று ஒலித்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது, அதை மாற்றிவிடலாம். கருகிய நாற்றம் வீசினால் உள்சுருள் எரிந்திருக்கிறது. மறுபடி சுற்றும் கூலியைக் கேட்டறிந்த பிறகே அத்தகைய மோட்டாரை எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒருமுனை மோட்டார் முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால், பெரும்பாலும் கண்டென்சரில் கோளாறு இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பயிற்சி பெற்ற மின்பணியாளரே அதைத் தொட வேண்டும்.

அடுத்து, வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கர் கருவியால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே உள்ள காப்பை அளக்கச் செய்ய வேண்டும். அது ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாரை மின் இணைப்பில் சேர்க்கவே கூடாது. உடலில் மின்சாரம் கசியும் மோட்டார், ஈரக் கையுடன் தொடுபவரின் உயிரைப் பறித்துவிடும்.

வேகக் கணக்கு

மோட்டாரின் பெயர்த் தகட்டில் அதன் வேகம் பொறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றும், இரு துருவ மோட்டார் ஏறத்தாழ 2,880 சுற்றும் சுழலும். சாணைக்கல்லின் மேலும் அது தாங்கக்கூடிய உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். கல் சுழலும் வேகம் அதனை ஒருபோதும் மீறலாகாது.

மிக்ஸி மோட்டார் பளு இல்லாதபோது நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் ஓடும். இது 2,880-ஐப் போல ஆறேகால் மடங்கு. ஆனால் கல்லைச் சிதறடிக்கும் விசை வேகத்தின் வர்க்கப்படி உயருவதால், அது ஏறத்தாழ 39 மடங்காகிவிடும். அந்நிலையில் கல் வெடித்துத் துண்டுகள் குண்டுபோலப் பாயும். மிக்ஸி மோட்டாரை விலக்கியதற்கு இதுவே காரணம்.

பெல்ட் வழியாக ஓட்டும்போது மோட்டார்க் கப்பியின் விட்டத்தை மோட்டாரின் வேகத்தால் பெருக்கி, ஓட்டப்படும் கப்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 1,440 சுற்று மோட்டாரில் 50 மில்லிமீட்டர் கப்பியும் மறுபுறம் 150 மில்லிமீட்டர் கப்பியும் இருந்தால், வேகம் 480 சுற்றாகக் குறையும். இரும்புத் தகட்டில் 12 மில்லிமீட்டர் துளையிட இது ஏற்ற வேகம். அரிவாளுக்குச் சாணை பிடிப்பதற்கோ 1,440 சுற்றே மேலானது. விளிம்பு அதிகம் சூடேறாது.

அமைத்தலும் இயக்குதலும்

சட்டத்துக்குப் பழைய கோண இரும்பு போதும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். எரிபொருளோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயை வெட்டவும் பற்றவைக்கவும் கூடாது.

சாணைக்கல்லை மட்டும் புதிதாக வாங்குவதே நலம். மாட்டுமுன் கல்லைத் தூக்கிப் பிடித்து மரக்கைப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். தெளிவான ஓசை எழுந்தால் கல் நல்லது. மங்கிய ஓசை எழுந்தால் விரிசல் உண்டு. கல்லின் இருபுறமும் அதன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இரும்பு வில்லைகளை வைத்து இறுக்கி, முன்புறம் தவிர மற்றப் பகுதியைக் கனத்த தகட்டால் மூட வேண்டும். கருவியைத் தாங்கும் மேடைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. மிஞ்சினால் கருவி உள்ளே இழுபடும்.

மோட்டாரின் உடலுக்கு எர்த் இணைப்பும், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியும் இன்றியமையாதவை. பாசனத்துக்கென வழங்கப்பட்ட இணைப்பிலிருந்து பட்டறைக்கு மின்சாரம் எடுப்பது முறையன்று.

யந்திரத்தை ஓட்டியவுடன் ஒரு நிமிடம் விலகி நிற்க வேண்டும். கண்ணாடி அணியாமல் கல்லருகே செல்லலாகாது. தோளில் தொங்கும் துண்டும், கையுறையும், அவிழ்ந்த வேட்டியும் கல்லுக்கு இரையாகும். கருவியை அடிக்கடி நீரில் தோய்த்துச் சாணை பிடிக்க வேண்டும். விளிம்பு நீலநிறம் கொண்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அக்கருவியில் கூர்மை நிலைக்காது.

பஞ்சாயத்தின் பங்கு

வீட்டுக்கு ஒரு சாணை யந்திரம் தேவையில்லை. ஊருக்கு ஒன்று போதும். கிடக்கும் மோட்டார்களைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பட்டியலிட்டு, சோதனையில் தேறியவற்றைப் பொதுப் பட்டறைக்குச் சேர்க்கலாம். அப்பட்டறையின் பொறுப்பை ஊர்க் கொல்லரிடமே ஒப்படைப்பது முறை. எஃகின் பதம் அறிந்தவர் அவர். யந்திரம் அவர் தொழிலைப் பறிக்காமல் அவர் கைக்கு வலுவூட்ட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் மின்பணியைக் கவனித்துக்கொள்ளலாம்.

தேறாத மோட்டாரின் கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் வழக்கத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். அந்தப் புகை நஞ்சு. வீட்டு மின்சாதனங்களின் கழிவைக் குறித்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே நெறி.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசினால், வரும் அறுவடைக்குள் பட்டறை எழும்பிவிடும். மூலையில் துருப்பிடிக்கும் மோட்டார், ஊராரின் அரிவாள்களுக்குக் கூர்மை தரட்டும்.