மை காய்வதற்குள் சில வார்த்தைகள்

டெவலப்பர் வாடையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, பெங்களூரில் அல்சூர், பிரேசர் டவுன் பக்கத்துப் பிள்ளைகள் கேமரா வாங்கிய கையோடு, "அங்கிள், வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வேணும், எது நல்லது?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். மாடல் நம்பரை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாம். அது அடுத்த வருஷமே மாறிவிடும். மாறாத சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை எழுதி வைக்கிறேன்.

1. மாசத்துக்கு எத்தனை படம் பிரிண்ட் எடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு நாலு, குழந்தையின் பிறந்த நாளுக்கு இருபது என்றால் பிரிண்டரே வேண்டாம், லேபில் கொடுங்கள். ஃப்ரான்டியர், நோரிட்சு போன்ற பழைய கலர் லேப் மெஷின்களில் மை என்பதே கிடையாது. வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளியைப் பாய்ச்சி, ரசாயனத்தில் கழுவி எடுப்பார்கள். அந்தத் தாளில் வரும் தோல் நிறத்தை வீட்டில் கொண்டுவர நீங்கள் கொஞ்சம் பாடுபட வேண்டும். காசுக் கணக்கிலும் சின்ன சைஸ் படத்துக்கு லேப்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். வீட்டில் பாழாகும் தாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே படத்தை மூன்று விதமாக எடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்க்கிற பித்து இருக்கிறதா? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வீட்டு பிரிண்டர். அந்தப் பித்துக்கு இந்த ஊரில் நல்ல பரம்பரை உண்டு. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) காட்டுயிர்ப் படங்களுக்காக எவ்வளவு பேர் வாங்கினாரோ, அதே அளவுக்கு இருட்டறையில் பிரிண்ட் போடும் கைக்காகவும் மதிக்கப்பட்டவர்.

2. லேசர் பிரிண்டர் ஆபீஸ் காகிதத்துக்கு. போட்டோவுக்கு ஆகாது. இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை அதில் விட்டால், உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். தாளும் போச்சு, மெஷினும் போச்சு.

3. எத்தனை மை என்று கேளுங்கள். கடைக்காரர் "கலர் பிரிண்டர்தான் சார்" என்றால் போதாது. சாதாரண மாடலில் நாலு: சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு. போட்டோவுக்கென்று வருவதில் ஆறு. கூடுதலாக வரும் இரண்டு எதற்கு? இங்க்ஜெட்டுக்கு வெளிர் நிறம் என்று தனியாக ஒன்று தெரியாது. புள்ளிகளை இடைவெளி விட்டு வைத்துத்தான் வெளிர் காட்டும். கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். நாலு மை பிரிண்டரில் அங்கே பொடிப் பொடியாக மணல் தூவியது போல இருக்கும். எப்சன் எல்805, எல்8050 வகையில் லைட் சயான், லைட் மஜென்டா என்று இரண்டு வெளிர் மைகள் சேர்த்திருப்பதால் அந்தப் பொடி மறைந்துவிடும். கேனான் ஜி570, ஜி670 வேறு வழியில் போகிறது. அதில் சாம்பலும் சிவப்பும் கூடுதல். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாம்பல் மை பெரிய துணை. அது இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் லேசாகப் பச்சையோ ஊதாவோ கசியும்.

சோதிக்க இந்த ஊரே போதும். ஜெர்மனியிலிருந்து வந்து லால்பாக் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட க்ரும்பிகல், ஒரு மரம் உதிர்ந்தால் இன்னொன்று பூக்கிற மாதிரி தெருவெல்லாம் மரங்களைத் திட்டமிட்டு வைத்துவிட்டுப் போனார். பிப்ரவரி, மார்ச்சில் ஜக்கரண்டா பூக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊதா பாதி கேமராக்களிலேயே நீலமாகப் போய்விடும், மீதியை மை கெடுக்கும். இரண்டாவது படம், திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயில் கரகத் திருவிழா ராத்திரி. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை மல்லிகை, பின்னால் கும்மிருட்டு. மல்லிகையில் இதழ் தெரிகிறதா, இருட்டில் நிற்பவர்களின் தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, வீட்டு ஆள் ஒருவரின் முகம். நன்றாகத் தெரிந்த முகமாக இருக்கட்டும். நிறம் தப்பினால் கண் உடனே சொல்லிவிடும். இந்த மூன்றையும் பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

4. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் விலை மலிவு என்று ஏமாறாதீர்கள். மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருக்கிற வகையில், லால்பாக் மலர்க் கண்காட்சிப் படங்களாக எடுத்து மஜென்டா தீர்ந்தால், மிச்சம் இரண்டு நிறத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதற்காகத்தான் நம் ஆட்கள் ஊசி வைத்து ரீஃபில் செய்தார்கள், வெளியே டப்பா கட்டி டியூப் இழுத்தார்கள். கம்பெனிகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. கடைசியில் எப்சனே 2010-ல் இந்தோனேசியாவில் டேங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மலிவாக மெஷினைக் கொடுத்து மையில் சம்பாதிக்கிற வியாபாரத்தை மாற்றவைத்தது டியூப் இழுத்தவர்களின் கைவேலை என்பது என் கட்சி. இப்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனி பாட்டில், எல்8050-க்கு 70 மில்லி. போட்டோ எடுப்பவருக்கு டேங்க்தான். மெஷினுக்கு முதலில் கூடக் கொடுத்தாலும் தேவலை.

5. சப்ளிமேஷன் என்று இன்னொரு ஜாதி உண்டு. கேனான் செல்ஃபி சிபி1500 அதில்தான் வரும். போஸ்ட் கார்டு சைஸுக்கு மேல் எடுக்காது, ஆனால் எடுக்கிற அழகைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். தாள் நாலு தடவை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை வெறும் மஞ்சள் ஆவி மாதிரி முகம் தெரியும். அடுத்தது மஜென்டா, எல்லாரும் வெயிலில் கருகியது போல ஆவார்கள். மூன்றாவது சயான், அப்போதுதான் தலைமுடி கறுக்கும், மரம் பச்சையாகும். நாலாவது நிறமே இல்லாத மேல்பூச்சு. வெளியே வந்த நிமிஷமே தொடலாம், தண்ணீர் பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம். மாசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அடைத்துக்கொள்ள அதில் மை இல்லை. எப்போதாவது எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தாளும் ரிப்பனும் ஜோடியாக ஒரே பெட்டியில் வரும் (108 தாள் பெட்டி எங்கும் கிடைக்கும்), அதனால் ஒரு படத்துக்கு என்ன ஆகும் என்ற கணக்கு மாறாது. ஒரு எச்சரிக்கை: தீர்ந்த ரிப்பனை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் நீங்கள் எடுத்த அத்தனை படமும் நெகட்டிவ் போல வரிசையாகத் தெரியும். ஆதார் கார்டை அதில் பிரிண்ட் எடுத்தவர்கள் ரிப்பனைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடவும்.

6. டை மை, பிக்மென்ட் மை என்பார்கள். டை தாளுக்குள் ஊறும், பளபளப்புத் தாளில் நிறம் ஆழமாக இருக்கும். பிக்மென்ட் பொடியாக மேலே உட்காரும், வெளுக்க நாளாகும். வீட்டுக்கு வரும் டேங்க் போட்டோ பிரிண்டர்களில் நிற மைகள் பெரும்பாலும் டைதான், ஆல்பத்துக்கு அது போதும். ஆனால் பூஜை அறையில் மாட்டப்போகிற தாத்தா பாட்டி படத்தை மட்டும் இதில் எடுக்காதீர்கள். விளக்குச் சூடு, புகை, ஜன்னல் வெயில், காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து டை மையைத் தின்னும். அதை லேபில் எடுத்துவிடுங்கள். ஃபிரேம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாமல் இடையில் மவுன்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்ததை ஃபிரேம் போடுவதானால் ஒரு முழு நாள் காயவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும்.

7. மெஷினுக்குக் கொடுக்கிற யோசனையில் பாதியைத் தாளுக்குக் கொடுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம். போட்டோ தாள் பெரும்பாலும் 180-ல் ஆரம்பிக்கும். ஆல்பத்துக்கு 230-க்கு மேல் வாங்கினால் கையில் கனம் தெரியும். எந்தப் பக்கம் அச்சு என்று சந்தேகமானால் விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் தொடுங்கள், ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். தப்பான பக்கத்தில் எடுத்தால் மை நாள் கணக்கில் காயாது. இன்னொன்று, பிரிண்ட் கொடுக்கும் திரையில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 'பிளெயின் பேப்பர்' என்று விட்டுவிட்டு, "நிறமே வரல அங்கிள்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். மழைக்காலத்தில் மீதித் தாளைப் பாக்கெட்டிலேயே போட்டு ஒட்டி வையுங்கள்.

8. போனில் எடுத்த படம் 4:3 அளவு. 4×6 தாள் 3:2 அளவு. விளிம்பில்லாமல் எடுத்தால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கல்யாண குரூப் போட்டோவில் அது பெரியப்பாவின் கால் செருப்பாக இருந்தால் பரவாயில்லை, அத்தையின் கொண்டையாக இருந்தால் வம்பு. எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். பிக்சல் கணக்கு சுலபம்: அங்குலத்துக்கு 300 புள்ளி. 4×6-க்கு 1800×1200 போதும், ஏ4-க்கு 3508×2480, அதாவது 9 மெகாபிக்சலுக்குள். எந்த போனிலும் இது இருக்கிறது. கெடுப்பது வாட்ஸ்அப். அது சுருக்கி அனுப்பிய படத்தை ஏ4-ல் எடுத்தால் கண் இமை தேய்ந்துபோயிருக்கும். டாகுமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

9. "திரையில் நல்லா இருக்கு, தாளில் இருட்டா வருது" என்றால் பிரிண்டரைத் திட்டாதீர்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் படத்தைச் சரிசெய்யுங்கள். தாளைப் பார்ப்பது காலை வேளையில் ஜன்னலோரம். டியூப் லைட்டில் பார்த்து நிறத்தைத் திருத்தினால் விடிந்ததும் மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

10. வாரத்துக்கு ஒரு கலர் படமாவது எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இங்கே காற்று வறண்டுபோகும், மை தெளிக்கும் நாசில் அடைப்பது அப்போதுதான் அதிகம். அடைத்தால் கிளீனிங் ஓட்டலாம். ஆனால் அதற்குச் செலவாகும் மை எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்தால் மெஷின் நின்றுவிடும், சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று வீட்டிலேயே மாற்றுகிற மாதிரி சில மாடல்களில் வருகிறது. வாங்குமுன் கேளுங்கள். அணைப்பது எப்போதும் மெஷினின் பட்டனில்தான். சுவர் சுவிட்சில் அணைத்தால் பிரிண்ட் ஹெட் மூடிக்குள் போய் உட்காராமல் வெளியே நின்று காயும். அபார்ட்மென்ட்காரர்கள் "எங்களுக்குத்தான் ஜெனரேட்டர் இருக்கே" என்பார்கள். அது ஓட ஆரம்பிக்கும் முன் கரண்ட் இல்லாமல் போகிற அந்தச் சில விநாடிகள் போதும், ஏ4 தாள் ஒன்று பாழாக. இங்க்ஜெட் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலேயே மாட்டிவிடுங்கள்.

11. ஸ்கேனர் சேர்ந்தது வேண்டுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஆல்பம் வீட்டில் இருந்தால் வாங்குங்கள், கேனானில் ஜி670, எப்சனில் எல்8160 என்று அந்த வகை இருக்கிறது. பழைய சின்னப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக எடுக்கலாம். ஆல்பம் இல்லையென்றால் அந்தக் காசுக்குத் தாள் வாங்குங்கள்.

12. பிரிண்டர் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் ஒரே கடையில் விலை கேட்டுத் திரும்பாதீர்கள். தமிழ், கன்னடம், இந்தி எதில் பேசினாலும் அங்கே பேரம் நடக்கும். பென் டிரைவில் இருக்கும் அந்த மூன்று படத்தையும் டெமோ மெஷினில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தாள் நீங்களே கொண்டுபோங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை. பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். "மையை இங்கேயே ஊத்தித் தர்றேன் சார்" என்று அன்பாகக் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மை ஊற்றிய டேங்க் பிரிண்டரைச் சாய்க்கக் கூடாது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நம் ரோட்டுப் பள்ளங்களில் போனால், டவுன் ஹால் தாண்டுவதற்குள் பேன்ட்டில் மஜென்டா இறங்கியிருக்கும். பாட்டில்களைச் சீல் பிரிக்காமல் வாங்கி வந்து, வீட்டில் சமதளமான மேஜையில் வைத்து ஊற்றுங்கள். முதல் தடவை டியூபில் மை ஏறச் சில நிமிஷம் பிடிக்கும், நடுவில் அணைக்கக் கூடாது. உங்கள் ஏரியாவில் கரண்ட் போகாத வேளை எது என்று பார்த்து ஆரம்பியுங்கள்.