சீட்டுக்கு அடியில் கிடந்த பெல்ட்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். நிலைமத்தை நடத்தும்போது, ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று கேட்காத ஆசிரியர் நம்மில் இருக்க மாட்டார். நானும் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதே நான்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடகைக் காரின் பின் இருக்கையில் ஐந்து பிள்ளைகளை அடுக்கி அறிவியல் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றேன்.

பாதி வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். கார் எதன் மீதும் மோதவில்லை. அதை விபத்து என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பின் சீட்டின் நடுவில் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் முன் சீட்டுகளுக்கு இடையே பாய்ந்து கியர் கம்பியில் வாயை இடித்துக்கொண்டான். கண்காட்சி மாதிரி உடைந்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்ததால் கையை ஊன்றக்கூட இல்லை. உதட்டில் மூன்று தையல். முன் சீட்டில் இருந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பெல்ட் போட்டிருந்தேன், அபராதத்துக்குப் பயந்து.

மறுநாள் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பய சும்மா உக்கார மாட்டான் டீச்சர், உங்களுக்கு வேற தொந்தரவு" என்று என்னிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் செரிக்கவில்லை. பையன் அசையவே இல்லை. கார்தான் நின்றது, அவன் நிற்கவில்லை. இதை அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சென்ற ஆண்டு கலைத் திருவிழாவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து நான்கு மாணவிகள் மாவட்ட அளவில் தேர்வானார்கள். 42 கிலோமீட்டர் பயணம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் தன் காரிலேயே அழைத்துப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர், டீசலுக்குக்கூடக் காசு வாங்க மாட்டார். அவரும் நானும் போக, பின்னால் மூன்று பேருக்குத்தான் இடம். "ஆறாம் வகுப்புப் பொண்ணு சின்னதுதானே, மடியில் வைத்துக்கொள்ளட்டும்" என்றார் தலைமை ஆசிரியர். பின் சீட்டில் கையை விட்டுப் பார்த்தேன். பெல்ட்டின் கொக்கிகள் எல்லாம் சீட் உறைக்கு அடியில் கிடந்தன. வாங்கிய நாளிலிருந்து யாரும் வெளியே எடுத்ததில்லை.

அன்று மதியம் அந்த நான்கு பேரையும் கரும்பலகை முன் உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். கார் மணிக்கு 54 கிலோமீட்டரில் போவதாக வைத்துக்கொண்டால் வினாடிக்கு 15 மீட்டர், வகுத்தல் சுலபம். எதிலோ மோதி 0.1 வினாடியில் நிற்கிறது. மடியில் இருக்கும் பெண்ணின் நிறை 30 கிலோ. அவளையும் காரோடு நிறுத்த வேண்டுமானால் 30 × 15 ÷ 0.1, அதாவது 4,500 நியூட்டன் விசை வேண்டும். 450 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். ஒன்பதாம் வகுப்பு அக்கா எவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டாலும் அவள் கைகளால் முடியாது. பெல்ட் இல்லாதவர் காரோடு சேர்ந்து நிற்பதில்லை. முன் சீட்டிலோ கண்ணாடியிலோ மோதித்தான் நிற்பார். அந்த நேரம் 0.02 வினாடி என்றால் விசை ஐந்து மடங்கு. அதே வேகம் வர எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். போட்டுப் பார்த்தோம்: 11 மீட்டருக்கு மேல். எங்கள் பள்ளியின் மொட்டை மாடியைவிட உயரம். அதன் பிறகு யாரும் மடியைப் பற்றிப் பேசவில்லை.

முதல் பேருந்தில் போவது என்று முடிவு செய்தேன். உடனே கேள்வி வந்தது: "பஸ்ல மட்டும் பெல்ட் இருக்கா டீச்சர்?"

நியாயமான கேள்வி. பேருந்தின் நிறை பல டன். சிறிய வாகனத்தோடு மோதும்போது அதன் வேகம் கொஞ்சம்தான் மாறும், உள்ளே இருப்பவர்களின் வேகமும் அப்படியே. இருக்கைகளும் உயரத்தில் இருக்கின்றன. ஆனால் லாரி மீதோ சாலையோரப் புளியமரத்தின் மீதோ மோதினால் இந்தக் கணக்கு உதவாது என்பதையும் சொன்னேன். பேருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த பாடத்தில் நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து பேருந்தில் வந்த களைப்புதான் காரணம் என்று ஒரு மாணவியின் அம்மா சொன்னார். இருக்கலாம்.

சட்டத்தையும் நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்பவருக்கும் அனுமதிப்பவருக்கும் உண்டு. ஏறச் சொன்ன ஆசிரியர் தனக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்க முடியாது. அதனால்தான் முடிவு நம்மிடம் வந்து நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று நாம் போடும் மும்முனைப் பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அது தோள் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் படிந்து விசையைத் தாங்குவது. எலும்பு மண்டலப் பாடத்தில் சொல்ல ஏற்றது. ஆனால் அது பெரியவர்களின் உடலுக்கான அளவு. குட்டையான பிள்ளைகளுக்குப் பட்டை கழுத்திலும் வயிற்றிலும் விழும். அவர்களுக்கு உயர்த்தி உட்காரவைக்கும் தனி இருக்கை வேண்டும். பட்டை கழுத்தை அறுக்கிறது என்று அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்ளும் பழக்கம் அதைவிட மோசம்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணக்கைவிடக் களிமண் நன்றாகப் பேசுகிறது. சரிவுப் பலகை, கீழே ஒரு செங்கல், பொம்மைக் கார், அதன் மேல் களிமண் பொம்மை. முதலில் கட்டாமல் விடுங்கள். பொம்மை செங்கல்லைத் தாண்டி விழும். அடுத்து தையல் நூலால் கட்டுங்கள். நூல் களிமண்ணை அறுத்துவிடும். பிறகு அகலமான ரிப்பன். அழுத்தம் பரப்பைப் பொறுத்தது என்பதை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்டியதில்லை. ஒரு குழுவில் ரிப்பன் கட்டியும் பொம்மை காரின் முன்பகுதியில் இடித்தது. நான் குழம்பினேன். "தொளதொளன்னு கட்டிட்டோம் டீச்சர்" என்று ஒருவன் கண்டுபிடித்தான். தளர்வான பெல்ட் பற்றி நான் சொல்லவேண்டிய வேலை மிச்சம்.

வீட்டுப்பாடமாக "உங்கள் வீட்டுக் காரில்" என்று தொடங்கிவிடாதீர்கள். என் வகுப்பில் கார் இருக்கும் வீடு இரண்டு. எந்த வண்டியில் வந்தாய், எத்தனை பேர், எதைப் பிடித்துக்கொண்டாய் என்று மட்டும் கேட்டேன். பைக்கில் நடுவில் உட்காரும் பிள்ளைகள்தான் அதிகம். நான்கு வயதுக்கு மேல் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இந்த ஆண்டுக் கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் அதே உறுப்பினர் பள்ளிக்கு வந்தார். பழைய சீட் உறையைக் கழற்றிவிட்டிருந்தார். "பெல்ட்டெல்லாம் வெளிய எடுத்துட்டேன் டீச்சர். மூணு பேருன்னா நம்ம வண்டி, நாலுன்னா பஸ்" என்றார். தேர்வானவர்கள் ஐந்து பேர். முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவரே கேட்டு வந்து சொன்னார்.