சார்பு அறிந்து நிறுவுக

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆய்வகத்தின் பொதுக் கணிப்பொறியில் எனக்குப் புதிய பைத்தான் பேக்கேஜ் ஒன்று தேவைப்பட்டது. நிறுவ முயன்றேன், அனுமதி இல்லை என்றது. நிர்வாகிக்குரிய அதிகாரத்தோடு மீண்டும் ஆணையிட்டேன். அரை நிமிடத்தில் என் வேலை முடிந்தது. அதே பொறியில் ஓடிக்கொண்டிருந்த நண்பனின் ஆய்வு நிரலும் அன்றோடு முடங்கியது! மறுநாள் அவன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாள்.

நடந்தது யாது? நான் கேட்டது ஒரு பேக்கேஜ். அது தனக்குச் சார்பாக வேறு சிலவற்றைக் கேட்டது. அவற்றுள் ஒன்று 'நம்பை' என்னும் எண்கணக்குப் பேக்கேஜின் புதிய பதிப்பு. 2024 ஜூனில் வெளிவந்த நம்பை 2.0 பெரிய மாறுதல். 1-ஆம் வரிசைக்கெனக் கம்பைல் செய்த தொகுதிகள் பல அதனோடு இயங்கா. பழைய பெயர்கள் சிலவும் அதில் இல்லை. 'பிப்' என்னும் நிறுவி பழையதை அகற்றிப் புதியதை வைத்தது. முரண்பாடு உண்டென்று எச்சரிக்கவும் செய்தது. அவசரத்தில் நான் படிக்கவில்லை.

ஒரு பைத்தான் சூழலில் ஒரு பேக்கேஜுக்கு ஒரு பதிப்பே இருக்க முடியும். உப்பு வேண்டுபவனும் உப்பு ஆகாதவனும் ஒரே பானையில் சமைத்தால் ஒருவன் பட்டினிதான்.

பழைய பதிப்பை மீட்கலாம் என்றால், எந்தப் பதிப்பில் கணக்கிட்டான் என்பதை நண்பன் எங்கும் குறித்து வைக்கவில்லை. விடியும்வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். பழைய விடை வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.

அன்று கற்றவை இவை:

முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பானை. பைத்தான் 3.3 பதிப்பு முதல் (2012) 'வெர்ச்சுவல் என்விரான்மென்ட்' என்னும் தனிச்சூழல் அதனுடனேயே வருகிறது. அதற்குள் நிறுவுங்கள்.

இரண்டாவது, இயங்குதளத்துக்குரிய பைத்தானைத் தொடாதீர்கள். அதை நம்பித் தளத்தின் கருவிகளே இயங்குகின்றன. 2023-இல் வந்த டெபியன் 12 முதலியவை, அங்கே நிறுவ 'பிப்' முயன்றால் மறுக்கின்றன. அம்மறுப்பு நமக்குக் காவல். அதை மீறும் வழியைத் தேடவேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் கேட்டவற்றை மட்டுமன்றி, அவை இழுத்து வந்த சார்புகளையும் பதிப்பெண்ணோடு பட்டியலிட்டு நிரலுடன் வையுங்கள். பதிப்பெண்ணின் முதல் இலக்கம் மாறினால் பழையது இயங்காமல் போகலாம் என்பது பலர் கொள்ளும் வழக்கு.

நான்காவது, ஒப்படைக்குமுன் வெறுஞ்சூழல் ஒன்றை அமைத்து, அப்பட்டியலை மட்டும் கொண்டு நிறுவி, நிரலை ஓட்டிப் பாருங்கள். அங்கும் அதே விடை வரவேண்டும்.

நம் கணிப்பொறியில் மட்டும் வரும் விடையை ஆய்வு முடிவென்று எவ்வாறு சொல்வது? நாளை வேறொருவர் செய்து பார்த்தாலும் அது வரவேண்டும் அன்றோ? பட்டியல் எழுதப் பத்து நிமிடம் போதும். எழுதாமல் விட்டதற்கு நாங்கள் தந்தது ஓர் இரவு.