ஒருத்தர் மட்டும் மாறினா போதுமா?



கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்று மட்டும் அர்த்தம் இல்லை. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் தரலாம். செய்தி அனுப்பும் சிக்னல் செயலி அந்த வகை. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகக் கணக்கு விவரம் கேட்டார்கள். சிக்னலால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான். மற்றதை அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை!

வாட்ஸ்அப்பிலும் செய்தி பூட்டித்தான் போகிறது. அந்தப் பூட்டு முறையே சிக்னல்காரர்கள் செய்தது. ஆனால் நம்ம நம்பர், எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம், எப்போது பயன்படுத்துகிறோம் என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும். கவரை ஒட்டிப் போட்டாலும் மேலே இருக்கிற முகவரியைத் தபால்காரர் படிக்கலாம் இல்லீங்களா, அது மாதிரி.

அப்புறம் ஏன் எல்லாரும் மாறவில்லை? நம்ம புதன்சந்தை மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர் அங்கே வருவதால் விற்கிறவர் வருகிறார். விற்கிறவர் வருவதால் வாங்குகிறவர் வருகிறார். பக்கத்து ஊரில் நல்ல நிழல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துப் புதுச் சந்தை போட்டாலும், முதல் வாரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் நிற்பது யார்?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புது விதிமுறை சொன்னபோது கூட்டம் கூட்டமாகச் சிக்னலுக்கு வந்தார்கள். தாங்காமல் ஜனவரி 15-ஆம் தேதி சிக்னலே படுத்துவிட்டது. ஆனாலும் பழையதை அழித்தவர்கள் குறைவு. 2025 செப்டம்பரில் நம்ம தமிழ்நாட்டு ஜோஹோவின் அரட்டை செயலிக்கும் இதே கதை. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்தது மூணே நாளில் 3,50,000 ஆனது என்று ஸ்ரீதர் வேம்பு சொன்னார். சில வாரத்தில் அந்த வேகம் இறங்கிவிட்டது. (அரட்டை கட்டற்ற மென்பொருள் இல்லை, ஆனால் சிக்கல் ஒன்றுதான்.)

நான் 11 பேரிடம் கேட்டேன். போனில் இடமில்லை என்றவர்கள் நாலு பேர். போன் அண்ணனுது என்றவர்கள் மூணு பேர். மீதிப் பேர் கேட்டது, "அப்படி என்னடி மறைக்கிற?" பொண்ணு கேட்டால் இந்தக் கேள்விதான் முதலில் வருது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

போன வருஷம் ஒரு குழுவிலிருந்து என் தோழியோட அம்மா நம்பரை யாரோ எடுத்து, ராத்திரியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவங்க வீட்டில் அவள் போனைத் தொடவே கூடாது என்றாகிவிட்டது. கூப்பிட்டவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்னலில் 2024 முதல் நம்பரைக் காட்டாமல் பயனர் பெயர் மட்டும் கொடுத்துப் பேசலாம். இதைச் சொன்ன பிறகு அவள் மட்டும் அவங்க அம்மாவிடம் கேட்கிறேன் என்றாள்.

இப்போ எங்க அம்மா, லாரி ஓட்டுகிற அப்பா, ராசிபுரம் அத்தை பொண்ணு மூணு பேரும் வந்துவிட்டார்கள். அப்பா நாக்பூர் தாண்டினதும் டீக்கடை போட்டோ அதில்தான் வரும். கணக்கு வீட்டுப்பாடம் மட்டும் இன்னும் பழைய குழுவில்தான் வருது.

— 9-ஆம் வகுப்பு மாணவி