சிறுநீரக நோயும் நமது பந்தி உபசாரமும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன் அடியேன். இக்கட்டுரையும் வகுப்புப் பாடம்போல் அமைந்துவிட்டால் பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசேஷ நாளில் நடந்தது இது. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் அன்பர் ஒருவர், ரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருபவர், காலை முதல் வெயிலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். களைத்துப் போனாரே என்று நானே இரண்டு இளநீர் வெட்டச் சொல்லிக் கொடுத்தேன். பஞ்சாமிர்தமும் தொன்னை நிறைய வைத்தேன். மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டார். அன்றிரவு கைகால் தளர்ந்து, நாடித்துடிப்பு தாறுமாறாகி, ஆம்புலன்சில் ஏற்றிச் சென்றார்கள். முருகன் அருளால் பிழைத்தார். "சார், பொட்டாசியம் ஏறிவிட்டதாம்" என்று அவர் மனைவி மறுநாள் சொன்னபோது தலைகுனிந்து நின்றேன். தாதிமை பயிலும் என் அண்ணன் பேத்தியிடம் பாடநூலை வாங்கிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சிறுநீரகங்கள் இரண்டும் கீழ்விலாவை ஒட்டி முதுகுப்புறம் இருப்பவை. ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவே. ஆனால் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள்! நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றில் வடிகிறது. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேற, மீதி உடம்புக்கே திரும்பிவிடுகிறது. கழிவை நீக்குவதோடு ரத்த அழுத்தத்தைக் காப்பதும், பொட்டாசியம் முதலிய உப்புகளை அளவோடு வைப்பதும், ரத்த அணுக்கள் உருவாகத் தூண்டுவதும் அதன் பணிகள். பாதி பழுதானாலும் மீதி வடிகட்டிகள் சேர்த்து உழைப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவே காரணம். ஆகவே நீரிழிவோ ரத்தக் கொதிப்போ உள்ள அன்பர்கள், சர்க்கரை அளவைப் பார்த்ததோடு திருப்தியடையாமல், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா, ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டறிய வேண்டும். எங்கள் வட்டாரத்திலேயே பலதுறை மருந்தகம் இருக்கிறது. தூரம் என்று இனிச் சாக்குச் சொல்ல முடியாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. என் வயது ஆண்களுக்கு இன்னொன்று: இரவில் நாலைந்து முறை எழுவதும், சிறுநீர் சொட்டுச் சொட்டாய்ப் போவதும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியதன் அறிகுறியாகலாம். வெட்கப்பட்டு மறைத்தால், அடைபட்ட நீர் மேலேறிச் சிறுநீரகத்தையே அழுத்தும்.

அறவே செயலிழந்தால் வழி இரண்டே: மாற்றுச் சிறுநீரகம், அல்லது சுத்திகரிப்பு. இங்கு முதல் மாற்று அறுவை சிகிச்சை 1970ல் நடந்தது. பேராசிரியர் கூ ஊன் டெக் 1969ல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனம், தன் முதல் சுத்திகரிப்பு நிலையத்தை 1982ல் நம் பெருமாள் கோயில் இருக்கும் அதே சிராங்கூன் சாலையில், குவோங் வாய் ஷியு மருத்துவமனையில் அமைத்தது. இன்று தீவெங்கும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. கொடையாளர்களின் பணம் இல்லாவிட்டால் ஏழைகள் அங்கே படியேற முடியாது. இயந்திரச் சுத்திகரிப்பு என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருப்பார்கள். தொட்டால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அந்த இணைப்பே அவர்களுக்கு உயிர்நாடி.

இதில் கோயில் தொண்டர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணைப்பைப் பெரும்பாலும் அதிகம் பழங்காத கையில், அதாவது இடக்கையில் வைப்பர். நாம் பெண்களுக்குக் காப்புக் கட்டுவதும் இடக்கையில்தானே? இறுக்கிக் கட்டினால் ரத்தம் உறைந்து இணைப்பு அடைத்துப்போகும். மறு கையில் தளர்வாகக் கட்டினால் முருகன் கோபிக்க மாட்டான். தைப்பூசத்திற்காகச் சுத்திகரிப்பு நாளைத் தவறவிடுவதும் ஆபத்து. நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம்.

உணவுக்கு வருவோம். கெட்டுப்போன சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் மிகுந்தால் இதயமே நின்றுவிடும். இளநீர், வாழைப்பழம், பேரீச்சை, வெல்லம் எல்லாவற்றிலும் அது நிறைய உண்டு. பஞ்சாமிர்தத்தில் வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்! உப்பைக் குறைக்கிறோம் என்று இப்போது சிலர் வாங்கும் மாற்று உப்பும் பொட்டாசியம் கலந்ததே. நட்சத்திரப் பழம், மலாயில் பிலிம்பிங் என்போமே, அதை இவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு மூளைக்கு ஏறித் தீராத விக்கலும் வலிப்பும் வரும். தண்ணீர், மோர், ரசம் எல்லாமே அவர்களுக்குக் கணக்கு.

எங்கள் சமையற்கட்டில் இப்போது விசேஷ நாட்களில் ஒரு சிறு பாத்திரம் தனியே உண்டு. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, உப்புக் குறைத்துச் செய்த கூட்டு அதில் இருக்கும். கேட்பவர்களுக்கு மட்டும் பரிமாறுகிறோம். அன்பரும் வருகிறார். பஞ்சாமிர்தத் தட்டை நீட்டினால் சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "போதும் சார்" என்கிறார். நானும் வற்புறுத்துவதில்லை.